செருப்புப் போட்டதால்தான் தடை போட்டார்கள்

"அந்தக் காலத்துல யாருப்பா செருப்புப் போட்டா? எல்லாரும் வெறுங்காலுதான். உங்க ஆளுங்க மட்டுமா?"

கள ஆய்வுக்கு ஊர்ப்பக்கம் போய்வரும் தோழர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் திரும்பியிருக்க மாட்டீர்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டேதான் கேட்பார்கள். நமக்குச் சட்டென்று பதில் வராது. நம் பாட்டிமார் வெறுங்காலோடுதான் நடந்தார்கள் என்பது நமக்கே தெரியும். பித்தவெடிப்பில் மெழுகு காய்ச்சி ஊற்றியதைப் பார்த்திருக்கிறோம். இடுப்பில் முள்வாங்கி செருகியிருந்ததைப் பார்த்திருக்கிறோம். "அவங்களுக்கு அது பழக்கம், கால் இரும்பு மாதிரி" என்று நம் வீட்டுப் பெரியவர்களே பெருமையாகச் சொல்லவும் கேட்டிருக்கிறோம்.

அந்தப் 'பழக்கம்' என்ற சொல்லைத்தான் இங்கே கொஞ்சம் பிரித்துப் பார்க்கப் போகிறோம். அடுத்த வாரம் வேலைக்கும் வெயிலுக்குமாக ஒரு ஜோடி வாங்கக் கடைக்குப் போகிறவர்களுக்கும் கடைசியில் சில விஷயங்கள் இருக்கின்றன.

யாருமே செருப்புப் போடவில்லை என்பது முதலில் உண்மையல்ல. 'தொடுதோல்' என்று சங்க இலக்கியத்திலேயே செருப்புக்குப் பெயர் இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆடு மேய்க்கும் இடையனின் கால், செருப்புப் போட்டுப் போட்டுத் தழும்பேறிய கால். அரசன் கால் அல்ல, காட்டில் மந்தை ஓட்டுகிறவன் கால். பெரிய புராணத்துக் கண்ணப்பரின் செருப்புக் காலைச் சொல்லி உருகாத சொற்பொழிவாளர் இல்லை. அந்தச் செருப்பு சாமியின் மேலேயே படலாம், மேலத்தெரு மண்ணில்தான் படக் கூடாது.

செருப்பு இருந்தது என்றால் அதைத் தைத்த கை யாருடையது? செத்த மாட்டைத் தூக்கி, உரித்து, தோலை ஊறவைத்து, ஆவாரம் பட்டையில் பதனிட்டுத் தைத்த கை நம்முடையது. கொங்குப் பக்கம் அருந்ததியர்கள் செய்த வேலையில் செருப்பு சிறு பகுதிதான். கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் கமலைக்குத் தோல்பறி தைப்பதும், மாட்டுக்கு வார் தைப்பதும், கிழிந்ததை ஓடிப்போய் ஒட்டுப்போடுவதும்தான் பெரும்பாடு. பறி கிழிந்தால் பாசனம் நின்றுபோகும். கூலி, அறுவடைக் களத்தில் அளந்துபோடும் தானியம். பம்ப்செட் வந்ததும் கமலை போனது, அதோடு அந்தக் கூலியும் போனது. பண்ணையார் வாசலில் கிடந்த செருப்பைத் தைத்துக் கொடுத்தவர், அதே வாசலுக்கு வரும்போது தன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார் என்பதைத்தான் ஊர் 'மாமூல்' என்று சொன்னது.

அந்தக் காலத்தில் சென்னை மாகாணத்துத் தோல் உலகம் சுற்றியது. 1900களின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னைக் கலைப் பள்ளியில் குரோம் பதனிடலைச் செய்துகாட்டினார். பிறகு பல்லாவரம் பக்கம் வந்த குரோம் தோல் ஆலையின் பெயரில்தான் இன்றைய குரோம்பேட்டை இருக்கிறது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்சுக்கு மேல்தோலாக இங்கே பதனிட்ட தோல்தான் கப்பல் கப்பலாகப் போனது. பிரான்சின் சேற்றில் நின்ற வெள்ளைக்காரச் சிப்பாயின் காலை நம் ஊர்த் தோல் காத்தது. அந்தத் தோலை உரித்தவரின் கால் உடைமுள்ளில் நடந்தது.

இனி 1930க்கு வருவோம். டிசம்பர் மாதம், இராமநாதபுரம் மாவட்டம். அங்கிருந்த ஆதிக்கச் சாதி நாட்டார்கள் கூடி, ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். நாம் சொல்லும் கதையல்ல இது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் எழுதிவைத்திருக்கிறார், சாதி பற்றி 1946இல் வந்த அவருடைய நூலிலும் இருக்கிறது. பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயோ இடுப்புக்கு மேலேயோ துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. தலைமுடியைக் கிராப்பு வெட்டக் கூடாது. மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேலுடம்பை மூடக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. எட்டாவது: ஆண்கள் வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, செருப்பும் போடக் கூடாது.

மீறியவர்களுக்கு என்ன நடந்தது என்பதையும் ஹட்டன் குறித்திருக்கிறார். குடிசைகள் எரிந்தன. தானியக் குதிர்களையும் உடைமைகளையும் அழித்தார்கள், ஆடுமாடுகளைக் கொள்ளையடித்தார்கள்.

இந்த எட்டாவது தடையில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, எவனும் போடாத செருப்புக்கு எவனும் தடை போட மாட்டான். 1930இல் இராமநாதபுரத்துச் சேரிகளில் செருப்புப் போட்ட கால்கள் இருந்தன, குடை பிடித்த கைகள் இருந்தன, கிராப்பு வெட்டிய தலைகள் இருந்தன. கொழும்புக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிய மாவட்டம் அது. போய்த் திரும்பியவர் கையில் கொஞ்சம் காசு இருந்தது, தெருவில் தலைநிமிர்ந்து நடந்து பார்த்த நினைவும் இருந்தது. அந்தத் தடைப் பட்டியலைத் திருப்பிப் போட்டு வாசித்தால், நம் முன்னோர் எதையெல்லாம் வாங்கி, எதையெல்லாம் அணிந்து பார்த்தார்கள் என்ற பட்டியல் கிடைக்கிறது. அவர்கள் கைப்பட எழுதிய ஆவணம் நமக்கு அதிகம் கிடைக்கவில்லை. எதிரி எழுதிய பட்டியலில் அவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது, இது வெறும் அவமானக் கணக்கு மட்டுமல்ல. ஆறே மாதத்தில், 1931 ஜூனில், அதே நாட்டார்கள் பதினொரு தடைகளாகப் பட்டியலை நீட்டினார்கள். அதில் குழந்தைகள் படிக்கக் கூடாது, மிராசுதாரின் மாடு மேய்க்க வேண்டும் என்று இருக்கிறது. காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை வேலை செய்ய வேண்டும், ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா கூலி என்றும் இருக்கிறது. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பதினோரு மணி நேரம் வெயிலில் நிற்க வேண்டும். குடை கூடாது. செருப்பு கூடாது. சித்திரை மாதத்தில் இராமநாதபுரத்து மண்ணில் மதியம் இரண்டு மணிக்கு வெறுங்காலை வைத்துப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். திருவிதாங்கூரில் நாடார்களுக்கும் முன்பு இதே இரண்டும்தான் மறுக்கப்பட்டன, குடையும் செருப்பும். இடம் மாறுகிறது, சாதி மாறுகிறது, தடை மாறவில்லை.

பள்ளிப் பாடப் புத்தகத்தில் இன்னொரு செருப்புக் கதை படித்திருப்பீர்கள். வெள்ளைக்கார அதிகாரி முன் இந்தியர்கள் செருப்பைக் கழற்ற வேண்டும் என்றிருந்த 'செருப்பு மரியாதை'. 1862இல் சூரத் நீதிமன்றத்தில் மனோக்ஜி கவாஸ்ஜி என்டி கழற்ற மறுத்தார். நல்ல செய்கைதான். அதைத் தேசத்தின் தன்மானமாகப் பாடம் நடத்துகிறார்கள். இராமநாதபுரத்து எட்டாவது தடையை எந்தப் பாடத்தில் வைத்திருக்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள்.

செருப்பில்லாத காலுக்கு உடம்பு கொடுத்த விலையைப் பேசாமல் இந்த வரலாறு முடியாது. காலணி கிடைக்காதவருக்குக் கால் ஆணி கிடைத்தது. நடவு வயலில் சேற்றுப்புண். கரிசலில் வெடிப்பு. எல்லாவற்றையும்விட மோசமானது கண்ணுக்குத் தெரியாத கொக்கிப்புழு. மலம் கலந்த ஈர மண்ணில் வளரும் அதன் குஞ்சுப்புழு, வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகும். முதலில் விரலிடுக்கில் அரிப்புதான். அது பிறகு குடலில் போய் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும். சோகை பிடிக்கும், மூச்சு வாங்கும், வேலை ஓடாது. வேலை ஓடாதவனைக் கங்காணி 'சோம்பேறி' என்பான். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் மக்களிடம் இந்த நோய் எந்த அளவுக்குப் பரவியிருந்தது என்றால், 1910களின் நடுவில் ராக்ஃபெல்லர் அமைப்பே அங்கே இறங்கி ஒழிப்பு இயக்கம் நடத்த வேண்டியிருந்தது. மருந்து கொடுத்தார்கள். கக்கூஸ் கட்டச் சொன்னபோது தோட்ட முதலாளிகள் செலவுக் கணக்குப் பார்த்தார்கள். மருந்து குடித்தவர் மறுநாள் அதே ஈர மண்ணில் அதே வெறுங்காலோடு மலையேறினார்.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியாவில் 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. மழைக்கும் குளிருக்கும் முதலாளி தர வேண்டியவை என்று குடை, கம்பளி, மழைக்கோட்டு என்று பெயர் சொல்லி எழுதினார்கள். காலுக்கு என்று ஒரு சொல் இல்லை, 'இதுபோன்ற வசதிகள்' என்பதற்குள் அடக்கிவிட்டார்கள். அட்டைக்கடி காலில்தான் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாதா?

நம் மக்கள் சட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. லாரி டயரை வெட்டி வார் வைத்த டயர் செருப்பு வந்தது. கனம்தான், புதிதில் குதிகாலைக் கடிக்கும், ஆனால் எந்த முள்ளும் ஏறாது. காட்டு வேலைக்குப் போனவர்களுக்கு வருஷக்கணக்கில் உழைத்தது. பின்னால் ரப்பர் செருப்பு மலிவாக வந்தது. வார் அறுந்தால் ஊக்கு குத்திக்கொண்டு இன்னும் மூன்று மாதம் ஓட்டலாம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லாக் காலணி வந்தது. இலவசம் என்று மேடையில் கேலி பேசுகிறவர்களுக்கு, வகுப்பில் எல்லாப் பிள்ளையின் காலிலும் ஒரே செருப்பு என்பது எப்பேர்ப்பட்ட விஷயம் என்று புரியாது.

செருப்பு மலிவாகிவிட்டது, ஆனால் தெரு இன்னும் மாறவில்லை. 2000களின் தொடக்கத்தில் 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் எடுத்த தீண்டாமை ஆய்வு, தெருவில் செருப்புப் போடத் தடை இருக்கும் கிராமங்களையும் கணக்கெடுத்தது. 2013இல் மதுரை மாவட்டம் உசிலம்பட்டிப் பக்கம், செருப்போடு நடந்த ஒரு பள்ளிச் சிறுவனைச் செருப்பைத் தலையில் வைத்து நடக்கவைத்தார்கள். ஆறாவது படிக்கும் பிள்ளை.

திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்தில் இராஜாவூர். அங்கே கம்பள நாயக்கன் தெரு சுமார் 300 மீட்டர்தான். அந்தத் தெருவில் நம் மக்கள் செருப்போடு நடந்தால் மூன்று மாதத்தில் செத்துப்போவார்கள், தெருவுக்கு அடியில் பொம்மை புதைத்திருக்கிறது என்று ஒரு கதை கட்டிவிட்டிருந்தார்கள். 2023 டிசம்பர் 24 அன்று, தீண்டாமை ஒழிப்பு முன்னணித் தோழர்களோடு சேர்ந்து சுமார் 60 பேர் அந்தத் தெருவில் செருப்போடு நடந்தார்கள். இராமநாதபுரத்துத் தடைக்குப் பிறகு 93 வருஷம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை மாணவர்கள் மனப்பாடமாக வைத்திருங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தபோது அதில் செருப்பு என்ற சொல் இல்லை. 2015இல் திருத்தம் செய்து, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தபோதுதான் பிரிவு 3(1)(இசட்.ஏ)(பி)யில், பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையோ, செருப்போ புத்தாடையோ அணிவதையோ தடுப்பது குற்றம் என்று வெளிப்படையாக எழுதினார்கள். ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை, அபராதம். விசாரிக்க வேண்டியவர் டிஎஸ்பி பதவிக்குக் குறையாதவர். புகார் எழுதும்போது எந்தத் தெரு, எந்த நேரம், யார், என்ன வார்த்தை சொன்னார்கள், யார் பார்த்தார்கள் என்று எழுதுங்கள். "செருப்பைக் கழற்றச் சொன்னார்கள்" என்று பொதுவாக முடித்துவிடாதீர்கள். "சும்மா வழக்கம்னு சொன்னோம் சார்" என்று ஸ்டேஷனில் பேசி முடித்துவிடுவார்கள்.

வழக்கம், பழக்கம் என்ற அந்தச் சொல் இன்று நகரத்திலும் நடமாடுகிறது. ஒரு நகராட்சியில் தூய்மைப் பணியாளர்களைச் சந்தித்தோம். பெண்கள்தான் அதிகம். எல்லோர் காலிலும் தேய்ந்த ரப்பர் செருப்பு. பூட்ஸ் கொடுக்கவில்லையா என்று மேற்பார்வையாளரிடம் கேட்டோம். "கொடுத்தாச்சு சார், போட மாட்டேங்கிறாங்க. அவங்களுக்குப் பழக்கமில்ல." அந்த அம்மாக்களிடம் கேட்டோம். வந்த பூட்ஸ் எல்லாம் ஆண்கள் அளவு, அதிலும் பெரிய அளவு. நடந்தால் கால் உள்ளே வழுக்கும், மேலே வழியாகச் சாக்கடைத் தண்ணீர் உள்ளே போனால் வெளியே வராது. ஓர் அம்மா விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்ட பிறகு எல்லோரும் கழற்றிவிட்டார்கள். கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்யும் 2013 சட்டத்தின் விதிகளில் பாதுகாப்புக் கருவிகளின் நீண்ட பட்டியலே இருக்கிறது, பூட்ஸ் இணைந்த உடையும் அதில் உண்டு. பட்டியலில் பொருள் இருந்தால் போதாது, அளவு வேண்டும்.

அதனால்தான் நல்ல செருப்பைத் தேர்ந்தெடுப்பதை நாம் ஆடம்பரப் பேச்சாக நினைப்பதில்லை. பேரணியில் பத்துக் கிலோமீட்டர் நடக்கிற, கிராமம் கிராமமாகக் கணக்கெடுப்புக்குப் போகிற, எட்டு மணி நேரம் கடையில் நின்று வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற நம் பிள்ளைகள் வழுக்குகிற செருப்போடு வருகிறார்கள். ஷோரூமில் என்ன கேட்பது என்று தெரியாமல் பளபளப்பைப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். தைத்துத் தைத்துத் தேர்ந்த நம் பெரியவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து சொன்னவை இவை.

சாயங்காலம் போய் வாங்குங்கள். பகல் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அதுதான் உண்மையான அளவு. இரண்டு காலிலும் போட்டு எழுந்து நில்லுங்கள், உட்கார்ந்தபடி அளவு பார்க்காதீர்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். "போடப் போட லூசாகிவிடும்" என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள், ரெக்சின் லூசாகாது. தோல் கொஞ்சம் இளகும், அதுவும் அகலத்தில்தான், நீளத்தில் இல்லை. ஷூவைக் கையில் பிடித்து வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடங்குகிற இடத்தில் வளைந்தால் நல்லது. நடுப்பாதத்தில் அட்டைப்பெட்டி மாதிரி மடங்கினால் ஆறு மாதத்தில் முட்டிவலி. குதிகால் பின்சுவரைப் பெருவிரலால் அழுத்துங்கள், உடனே அமுங்கினால் வேண்டாம்.

அடிப்பாகம் ஒட்டியதா தைத்ததா என்று பாருங்கள். ஒட்டியது முதல் மழையில் வாய் பிளக்கும். ஏற்கெனவே ஒட்டியதை வாங்கிவிட்டீர்கள் என்றால், புதிதாக இருக்கும்போதே பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் அண்ணனிடம் கொடுத்துச் சுற்றிலும் தையல் போடச் சொல்லுங்கள். ஆயுள் இரண்டு மடங்காகும். பேரம் பேசாதீர்கள். தினமும் ஒரே ஜோடியைப் போடாமல் இரண்டை மாற்றி மாற்றிப் போட்டால், வியர்வை காய நேரம் கிடைக்கும், நாற்றமும் வராது. நனைந்த தோலை வெயிலில் வைக்காதீர்கள், நியூஸ்பேப்பரைத் திணித்து நிழலில் காயவையுங்கள்.

வீட்டில் சர்க்கரை வியாதி உள்ள பெரியவர்கள் இருந்தால் எம்.சி.ஆர். செருப்பு வாங்கிக் கொடுங்கள். தொழுநோயால் காலில் உணர்ச்சி போனவர்களுக்காக, வேலூரிலும் கரிகிரியிலும் பால் பிராண்ட் போன்ற மருத்துவர்கள் முன்னெடுத்துப் பரவலாக்கிய மெத்தென்ற ரப்பர் அது. பாதத்தின் ஒரே இடத்தில் பாரம் விழாமல் பரப்பிவிடும். உணர்ச்சி இல்லாத காலில் ஆணி குத்தினாலும் தெரியாது என்பதால், மெல்லிய ரப்பர் செருப்போடு அவர்களை வெளியே விடாதீர்கள்.

கட்டட வேலை, குப்பை வேலை, பட்டறை வேலை செய்கிறவர்களுக்கு வாங்கும்போது ஐ.எஸ். 15298 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள், பாதுகாப்புக் காலணிக்கான தரம் அது. நிர்வாகம் வாங்கித் தர வேண்டியதை நாம் காசு போட்டு வாங்க வேண்டியதில்லை. அதற்கு மனு கொடுக்க வேண்டும்.

அந்த நகராட்சித் தோழர்களோடு அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். ஆளுக்கு ஒரு வெள்ளைத்தாள். தரையில் விரித்து, வெறுங்காலை வைத்து, பேனாவால் சுற்றிலும் வரைந்து, பெயரும் பணி எண்ணும் எழுதியாயிற்று. இதுவரை 41 பாதங்கள் சேர்ந்திருக்கின்றன. இரவுப் பணிக்காரர்களுடையது மட்டும் பாக்கி. அதையும் வாங்கி மனுவோடு தைத்து, வரும் திங்கட்கிழமை ஆணையர் மேசையில் வைக்கப்போகிறோம். தாள், பேனாவோடு சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு வரக்கூடியவர்கள் சொல்லுங்கள்.